பன்னிரண்டு பேர், இரண்டு கடிகாரங்கள்

தோட்டத்தை விட்டுக் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் முன்னால் நடந்தேன். தோளில் கோணிப்பை, கையில் ஒரு கழி, மணிக்கட்டில் இன்னொருவருடைய கடிகாரம். என் பின்னால் எட்டுப் பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். காலையில் நான் கூட்டிக்கொண்டு வந்தது பன்னிரண்டு பேரை.

மீதி நாலு பேரும் எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டார்கள் என்று உறுதியாக நம்பினேன். பாதையில் கீரைத் தண்டுகள் சிந்திக் கிடந்தன. அந்த நால்வரும் கீரை பறிக்கத்தான் போயிருந்தார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் விசிலடித்துக்கொண்டே நடந்தேன். பின்னால் எங்கோ தோட்டத்து மணி ஒரு தடவை அடித்தது. காதில் விழுந்தது, மண்டையில் விழவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் கையில் வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொடுத்து நீங்கள் நம் முகாமிலிருந்து காட்டுக்குள் அழைத்துப் போகிறீர்கள். முதல் நாளே உங்களுக்கு ஒரு விதித்தாள் கொடுத்திருப்பார்கள். கடிகாரங்களை ஒன்றாக வைத்துக்கொள், தலைகளை எண்ணு, வழி தவறினால் நின்ற இடத்தில் நில் என்று அதில் இருக்கும். படித்துவிட்டு, இதெல்லாம் ஒரு விதியா என்று சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்தத் தாளில் உள்ள பாதிக்கு மேற்பட்ட வரிகள் அந்த ஒரு நாளில், ஒரு ரப்பர் மரத்தடியில், எனக்குக் கிடைத்தவை.

ஜப்பான்காரர்கள் இந்தத் தீவை ஆண்ட காலம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. கப்பல்துறையில் மூட்டை தூக்கினேன், தோபிக் கடையில் துணி அலசினேன், எருமைக் கொட்டிலில் சாணி வாரினேன், சைக்கிள் டயர் கிடைக்காத நாளில் ரப்பர் தண்ணீர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தில் மாட்டித் தரும் கடையில் இருந்தேன். எந்த வேலையிலும் மூன்று மாதம் தாண்டியதில்லை. முதலாளிகள் என்னை விரட்டவில்லை. என் கால்கள்தான் எனக்கு முன்னால் கிளம்பிவிடும். தீவில் நான் நடக்காத பாதை கிடையாது. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

தேக்கா சந்தைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாடத்தைவிடச் சாப்பாடுதான் அங்கே பெரிய கவலை. சில பிள்ளைகளின் அப்பாக்கள் சயாமுக்கு ரயில் பாதை போடப் போயிருந்தார்கள், கடிதம் வரவில்லை. அரிசி என்பது வாரத்துக்கு ஒரு பொட்டலம். தாம்சன் சாலையைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் களை பிடுங்கிக் கொடுத்தால் மரவள்ளியில் பங்கு தருவார்கள் என்று கேள்விப்பட்டு, வழி தெரிந்த ஆள் தேடினார். நான் அகப்பட்டேன். தன் கணவருடைய கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டார். அனுமதிச் சீட்டையும் கொடுத்தார். பதின்மூன்று பேர் போகலாம், மாலை ஐந்து மணிக்குள் சாலைக் காவல் சாவடியைத் தாண்டித் திரும்பிவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

“எத்தினை பேரைக் கொண்டுபோறீரோ, அத்தினை பேர்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

காலையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. களை பிடுங்கினோம், கிழங்கு தோண்டினோம். பதின்மூன்று வயது சிவகாமி, ஓடையோரம் நல்ல கீரை முளைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள். அந்தோணியையும் இரண்டு சின்னப் பெண்களையும், அவரவர் கிழங்குப் பங்கோடு, அவளோடு அனுப்பினேன். தோட்டத்து எல்லையில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பெரிய ரப்பர் மரம் இருந்தது.

“ரெண்டு மணிக்கு இந்த மரத்தடியில நிக்கணும்” என்றேன்.

“மணி எப்படித் தெரியும் அண்ணே? கடிகாரம் உங்க கையிலல்ல இருக்கு” என்றான் அந்தோணி.

“தோட்டத்துல மணி அடிக்கிறாங்கல்ல? காது எதுக்கு வச்சிருக்க? கேட்டுட்டு வா.”

கவனியுங்கள். அந்தப் பதிலைச் சொன்னவன் நான். புத்திசாலித்தனமாகச் சொல்லிவிட்டதாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

என் கையில் இரண்டு மணி ஆனது. மரத்தடியில் எட்டுப் பேரோடு நின்றேன். நாலு பேர் வரவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு இருபது ஆனது. என் கால்கள் அரித்தன. நிற்பது எனக்கு எப்போதுமே தண்டனை. அந்த நேரத்தில்தான் வீட்டுப் பாதையில் சிந்திக் கிடந்த கீரையைப் பார்த்தேன். பார்க்க விரும்பியதைப் பார்த்தேன் என்று இப்போது சொல்வேன்.

“முன்னால போயிருப்பாங்க, வாங்க” என்றேன்.

பிற்காலத்தில் நம் முகாமில் ‘போயிருப்பாங்க’ என்று யாரும் சொல்லக்கூடாது என்று தடை போட்டிருந்தேன். உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். போறதைப் பார்த்தேன், அல்லது பார்க்கல. இரண்டில் ஒன்று. நடுவில் எதுவும் கிடையாது.

செம்மண் பாதை சாலையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அக்கா அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருப்பார். ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் இரண்டு ஆடுகள். வழியில் இரண்டு முறை மூட்டைகளை இறக்கி உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகி, அங்கே போய்ச் சேர்ந்தோம்.

“என்னப்பா, கூட்ஸ் வண்டி மாதிரிப் பெட்டி பெட்டியா வருது?” என்றார்.

“அக்கா, முன்னால நாலு பிள்ளைங்க போச்சா? கீரைக்கட்டோட?”

“காலையிலேருந்து இங்கதான் குந்தியிருக்கேன். ஒரு கோழிகூடப் போவல.”

“வழியெல்லாம் கீரை சிந்திக் கிடந்துச்சே?”

“அது விடியக்காலையில என் ஆட்டுக்கு நான் பறிச்சுட்டு வந்தது. ஏன், பொறுக்கித் தரலாமின்னு பாக்குறியா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். “ரெண்டு மணிக்கு மரத்தடிக்கு வரச் சொன்னேன், வரல” என்றேன்.

“ரெண்டு மணியா?” அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னும் ரெண்டு அடிக்கவே இல்லியே.”

காற்று எங்கள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அவர் சொல்லிக் கொஞ்ச நேரத்தில், ரப்பர் மரங்களுக்கு அப்பால், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை இரும்பால் அடிக்கும் ஓசை மெல்லியதாக வந்தது. ஒன்று. இரண்டு. அவ்வளவுதான். கையைப் பார்த்தேன். மூன்றரை.

இளையவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜப்பான்காரர்கள் தீவின் பேரை மாற்றினார்கள், அதோடு கடிகாரத்தையும் மாற்றினார்கள். டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும். ஒன்றரை மணி நேரம் முள்ளை முன்னால் தள்ளி வைத்தோம். டவுனில் எல்லோரும் அதற்குப் பழகிவிட்டோம். தோட்டத்தில் மணி அடிக்கும் கிழவர் மட்டும் பழகவில்லை. சூரியன் பழைய நேரத்துக்குத்தான் வருகிறது, மரமும் பழைய நேரத்துக்குத்தான் பால் விடுகிறது, நான் எதற்கு மாற வேண்டும் என்று பழைய மணியையே அடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எத்தனை அடி என்று ஒரு தடவைகூட எண்ணவில்லை. கையில் கடிகாரம் இருப்பவன் எதற்குக் காதைச் சிரமப்படுத்த வேண்டும்?

ஆகவே அந்த நாலு பேரும் தாமதமாகவில்லை. இதோ இப்போது, நான் சொன்ன மணியில், நான் சொன்ன மரத்தடிக்குச் சரியாக வந்து நிற்கிறார்கள். அங்கே யாரும் இல்லை. பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று எங்களிடம் வரும். இன்னொன்று பட்டாளத்துக்காரர்கள் பெட்ரோல் பீப்பாய்கள் வைத்திருந்த கம்பி வேலிக்குப் போகும். முந்தைய மாதம் விறகு பொறுக்கப் போன ஒருவர் அந்த வேலிப் பக்கம் போய்த் திரும்பி வரவில்லை. பிள்ளைகளுக்கு அது தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். கையில் எட்டுப் பிள்ளைகள், களைத்துப்போனவர்கள். அங்கே நாலு பேர். சாவடியில் ஐந்து மணிக்குப் பதின்மூன்று தலைகளைக் காட்ட வேண்டும். எட்டையும் இழுத்துக்கொண்டு திரும்பினால் விடியாது. எட்டையும் சாவடிக்கு அனுப்பிவிட்டு நான் ஓடலாம் என்று முதலில் தோன்றியது. ஏதாவது செய்துவிட வேண்டும் என்கிற வேகத்தில் தோன்றும் யோசனை எல்லாமே கூட்டத்தை இன்னும் சிறு துண்டுகளாக உடைக்கிற யோசனையாகத்தான் இருக்கும். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வயது செல்லையா மூட்டையைக் கீழே போட்டான். “அண்ணே, நாங்களும் வர்றோம். அந்தோணி இல்லாம என்னால வீட்டுக்குப் போக முடியாது, அவன்கிட்ட என் கோலிக்குண்டு இருக்கு.”

“சும்மா இருடா. இவங்க இங்க இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்” என்றார் அக்கா. நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியதும், “எங்க போற? எண்ணிக் குடுத்துட்டுப் போ” என்றார்.

“எட்டு பேரு அக்கா.”

“வாயால சொன்னா ஆச்சா? தலையைத் தொட்டு எண்ணு.”

எண்ணினேன். அவரும் ஒவ்வொரு தலையாகத் தட்டி எண்ணினார். “எட்டு. நீ வரும்போது எட்டு தருவேன். ஒம்போது கேட்டாலும் கிடையாது, ஏழு வாங்கிக்கறேன்னாலும் விட மாட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஓடாத தம்பி. ஓடுறவனப் பாத்தா சுடுவான். நடக்குறவனப் பாத்தாக் கேள்வி கேப்பான். நட.”

என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஓடுவதற்கு உண்மையான காரணம் இருந்தது. அன்றைக்கு நடந்தேன். அரை மணி நேரம். நடந்தால் யோசிக்க முடிகிறது, அதுதான் கஷ்டம். சிவகாமி கெட்டிக்காரி, எங்களைத் தேடிக் கிளம்பியிருப்பாள் என்று தோன்றியது. அடுத்த கணமே, எந்தப் பாதையில் என்று தோன்றியது. டீச்சர் சொன்ன ஒரே வாக்கியம் ஒவ்வொரு அடிக்கும் காதில் விழுந்தது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுடைய முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இரண்டாவது முகத்தோடு நிறுத்திவிட்டேன்.

மரம் கண்ணில் படுவதற்கு முன்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அந்தோணியின் குரல்.

“ஏய், சாம்பார் ஊத்தியாச்சு, கையை எடு! கையில ஊத்திடுவேன் லா!”

பெண்கள் மூவரும் வேரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு ரப்பர் இலை. அந்தோணி கல்யாண வீட்டுப் பரிமாறுகாரன் மாதிரி இடுப்பை வளைத்துக்கொண்டு காற்றை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டிருந்தான். சோறு, சாம்பார், அப்பளம். சின்னப் பெண் ஒருத்தி, “எனக்கு வடை வைக்கலை” என்று உண்மையாகவே கோபித்துக்கொண்டாள்.

இலைகளை எண்ணினேன். ஐந்து இருந்தன.

“அந்த அஞ்சாவது யாருக்கு?” என்று கேட்டேன். நான் முதலில் பேசியது அதுதான். திட்டுவதற்கு வைத்திருந்த சொற்களெல்லாம் எங்கேயோ போய்விட்டன.

“உங்களுக்குத்தான் அண்ணே” என்றாள் சிவகாமி. “சாப்பாடு ஆறிப்போச்சு. இவ்வளவு நேரமா?”

“ஏன் லேட்டு?” என்றான் அந்தோணி. என்னிடம்தான் கேட்டான்.

உட்கார்ந்துவிட்டேன். காற்றுச் சோற்றை ஒரு வாய் சாப்பிட்டேன். அன்றைக்கு அதுதான் நான் சாப்பிட்ட முதல் கவளம். அதற்கு ருசி இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

“ரெண்டு அடிச்சதும் வந்துட்டோம். நீங்க யாருமே இல்ல” என்றாள் சிவகாமி. “நாங்க லேட் இல்ல அண்ணே. நீங்கதான் சீக்கிரம் போயிட்டீங்க.”

“தெரியும்மா. தப்பு என்னோடது.”

இதைச் சொல்வதற்கு நான் கூச்சப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளிடம் தப்பு என்னுடையது என்று சொல்ல நாக்கு எழாத ஆளை நான் பிறகு முகாமில் சேர்த்ததே இல்லை.

“தேடிக்கிட்டுக் கிளம்பாம எப்படி இருந்தீங்க?”

“இவன் கிளம்பறேன்னான்” என்று அந்தோணியைக் காட்டினாள். “அந்தப் பக்கப் பாதை அகலமா இருக்கு, அதுல போகலாமின்னான். நாம ஒரு பக்கம் போய், அண்ணன் ஒரு பக்கம் வந்தா, அப்புறம் எந்த இடத்துல பாத்துக்கறதுன்னு கேட்டேன். அண்ணனுக்குத் தெரிஞ்ச இடம் இந்த மரம் ஒண்ணுதான்னு சொன்னேன். கேக்கல. அதனால கட்டிப்போட்டுட்டேன்.”

“அந்தோணியையா?”

“கீரையை.”

அப்போதுதான் பார்த்தேன். நால்வருடைய கீரையும், நால்வருடைய கிழங்கும், ஒரே கட்டாக, மரப்பட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கிடந்தது. ஓர் ஆளால் தூக்க முடியாத கட்டு. முடிச்சு போட்டவள் சிவகாமி, அவிழ்க்கத் தெரிந்தவளும் அவள்தான். போகிறவன் வெறுங்கையோடு போகலாம் என்று சொல்லிவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். பசிக்கிற காலத்தில் கிழங்கை விட்டுவிட்டு எவன் போவான்? அந்தோணி இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் திரும்பி வந்து, கடைசியில் பரிமாற ஆரம்பித்துவிட்டான்.

பிற்காலத்தில் என்னைச் சில கூட்டங்களுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். வழி தவறிய பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நிற்க என்ன செய்ய வேண்டும் என்று படித்தவர்கள் கேட்டார்கள். நிற்கச் சொன்னால் மட்டும் போதாது, நிற்பதற்கு ஒரு காரணமும் செய்வதற்கு ஒரு வேலையும் வேண்டும் என்றேன். நல்ல கருத்து என்று எழுதிக்கொண்டார்கள். கீரைக்கட்டைப் பற்றியும் இலைச் சாப்பாட்டைப் பற்றியும் அங்கே சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அந்தக் கட்டை அவிழ்க்க நேரமில்லை. என் கழியை நடுவில் செருகி, முன்பக்கம் அந்தோணியும் பின்பக்கம் நானுமாகத் தூக்கிக்கொண்டோம். பெண்கள் மூவரும் எங்களுக்கு முன்னால். அப்படியாக, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற நான் முதல் தடவையாக வரிசையின் கடைசியில் வந்தேன்.

அது வேறு உலகமாக இருந்தது. சின்னவள் ஒருத்தி இடது காலை ஊன்றாமல் நடப்பதைப் பார்த்தேன். நிறுத்திப் பார்த்தால் குதிகாலில் முள். “எப்பலேருந்தும்மா?” என்றேன். “காலையிலேருந்து” என்றாள். காலையிலிருந்து நான் அவளுக்கு முன்னால் நடந்திருக்கிறேன். அந்தோணி தன் பக்கத்துக் கழியைத் தோளில் மாற்றி மாற்றி வைக்கிறான், ஆனால் வாயைத் திறக்க மாட்டான் என்பதையும் பார்த்தேன். சிவகாமி ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பி, உதடு அசைய எங்களை எண்ணுவதைப் பார்த்தேன். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. முன்னால் நடந்தபோது எனக்கு மரங்கள் மட்டும்தான் தெரிந்தன.

அக்காவிடம் வந்து சேர்ந்தபோது எட்டும் எட்டாகவே இருந்தது. தலை தலையாகத் தட்டி ஒப்படைத்தார். செல்லையா அந்தோணியிடம் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தேன். “குண்டு எங்கடா?” என்றான்.

சாவடியை அடைந்தபோது ஐந்து இருபத்தைந்து. டோக்கியோ மணிதான். அங்கே எல்லோரும் குனிந்து வணங்க வேண்டும். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் தலையில் இருந்த மூட்டைகள் சரிந்து, கிழங்குகள் ஜப்பான் காவல்காரனின் பூட்ஸ் வரை உருண்டு போயின. அவன் சின்ன வயசுக்காரன், என்னைவிட இளையவனாக இருக்கலாம். சீட்டைப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். என் கன்னத்தில் ஒரு அறை விட்டான். அந்தக் காலத்தில் அறை என்பது அந்தச் சாலையின் சுங்கம் மாதிரி. நேராக நின்றேன்.

பிறகு எண்ண ஆரம்பித்தான். அவர்கள் மொழியில் ஒன்று, இரண்டு என்று விரலை நீட்டி நீட்டி எண்ணினான். பள்ளியில் அந்த எண்களைச் சொல்லித்தான் பிள்ளைகளுக்குத் தினமும் உடற்பயிற்சி. பழக்கதோஷம். மூன்றாவது எண்ணில் செல்லையா சேர்ந்துகொண்டான். ஐந்தாவதில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கத்திக்கொண்டே கையையும் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காவல்காரன் ஏழில் நின்றான். பிள்ளைகள் எட்டுக்குப் போய்விட்டார்கள். அவன் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவனும் அவர்களோடு சேர்ந்து பதின்மூன்று வரை கத்தி முடித்தான். பதின்மூன்றாவது விரல் என்னை நோக்கி நீண்டது. ஒரு கிழங்கை எடுத்து முகர்ந்துவிட்டு, போங்கள் என்று கையசைத்தான்.

தேக்கா வரை பிள்ளைகள் எண்ணிக்கொண்டேதான் வந்தார்கள். நானும் எண்ணிக்கொண்டு வந்தேன். கன்னம் எரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் சாலையிலும் நடந்ததில்லை.

அன்றிரவு என் துணிகளை மூட்டை கட்டினேன். நாலு பேரை விட்டுவிட்டு வந்தவனை டீச்சர் என்ன சொல்வார் என்று தெரியும். அவர் சொல்வதற்கு முன்னால் கிளம்பிவிடுவது என் வழக்கம். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று காலையில் கொட்டகைக்குப் போனேன். டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் தோளில் இருந்த மூட்டையைப் பார்த்தார். சிவகாமி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

“எத்தினை பேரைக் கொண்டுபோனனீர்?”

“பன்னிரண்டு டீச்சர்.”

“எத்தினை பேரைக் கொண்டுவந்தனீர்?”

“பன்னிரண்டு.”

“எத்தினை தரம் எண்ணினனீர்?”

யோசித்துப் பார்த்தேன். கிளம்பும்போது ஒரு தரம். அப்புறம் அந்த அக்கா சொல்லும்வரை எண்ணவே இல்லை.

“அவள் எத்தினை தரம் எண்ணினவள் எண்டு கேட்டனான். வழியில திரும்பின இடமெல்லாம் எண்ணினவளாம்.” கரும்பலகைத் துணியை உதறினார். “வாற வியாழக்கிழமை திரும்பவும் போக வேணும். கிழங்கு நாலு நாளைக்குக் காணாது. பாதை இப்ப அவளுக்குத் தெரியும். முன்னுக்குப் போக ஆள் இருக்கு.”

“சரிங்க டீச்சர்” என்று கடிகாரத்தைக் கழற்றினேன்.

“ஏன் கழட்டுறீர்? முன்னுக்குப் போக ஆள் இருக்கு எண்டுதானே சொன்னனான். பின்னுக்குப் போகத்தான் ஆள் இல்லை. ஆருக்கும் முன்னால போகாமல் நடக்க உம்மால ஏலுமோ?”

வாசலில் சிவகாமி நின்றிருந்தாள். பின்னால் அந்தோணி, செல்லையா, மற்றவர்கள் எல்லோரும். பாடம் கேட்க வந்தவர்கள் மாதிரித் தெரியவில்லை. யாரோ மெதுவாக எண்ண ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

மூட்டையை இறக்கி வைத்தேன். கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டேன். வரிசையின் கடைசியில் போய் நின்று, “பதின்மூணு” என்றேன். அன்றைக்குச் சேர்ந்த வேலை அதுதான்.